இங்கிலாந்தில் கர்ப்பகாலம்: இன்னொரு டாக்டரிடம் கேட்பது எப்படி

இருபதாவது வார ஸ்கேனில் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் ஊருக்கு போன் போய்விடும். அம்மா தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கேட்பார், அண்ணி தன் தோழியிடம் கேட்பார், ரிப்போர்ட்டின் பாதிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள்; பயம்தான் கூடியிருக்கும். எல்லாம் அக்கறையில் கேட்டதுதான். ஆனால் அதை செகண்ட் ஒப்பீனியன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தத் துறையில் பயிற்சி பெற்ற இன்னொரு டாக்டர், முழு ரிப்போர்ட்டையும் படித்து, தன் பெயரில் எழுதித் தருவதுதான் செகண்ட் ஒப்பீனியன்.

இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் கவனிப்பில் இருக்கும் தமிழ்ப் பெண்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில நடைமுறைகள் மாறும்.

கேட்கப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்கள் சந்தேகம் எதில்? ஸ்கேனில் பார்த்தது சரிதானா என்பதிலா? பார்த்ததற்கு அவர்கள் சொன்ன அர்த்தத்திலா? அதற்காகச் செய்யப்போகும் காரியத்திலா? ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய ஆள் வேறு, கையில் இருக்கும் அவகாசமும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி “எனக்கு வேறு டாக்டர் வேண்டும்” என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் அதே கிளினிக்கில் இன்னொரு நாள் இன்னொருவரிடம் அதே பதிலைக் கேட்டுவிட்டு வருவீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். சில அறிகுறிகளுக்கு இரண்டாவது கருத்தே வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ வழக்கத்திலிருந்து மாறினாலோ, ரத்தம் போனாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ, கண்முன் பளிச் பளிச்சென்று தெரிந்தாலோ, விலாவுக்குக் கீழே கடுமையாக வலித்தாலோ, உடனே உங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளின் அவசரத்துக்கென்று இருக்கும் மெட்டர்னிட்டி ட்ரையாஜ் எண்ணுக்கு போன் செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பார்கள். இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்துப் பார் என்று ஊரிலிருந்து சொல்வதைக் கேட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பிய பிறகும், மறுபடி அசைவு குறைந்தால் மறுபடி போங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டியதே இல்லை.

ஸ்கேனில் பார்த்தது சரிதானா

பெரிய ஸ்கேன் 18 வாரத்திலிருந்து 20 வாரம் 6 நாளுக்குள் நடக்கும். செய்பவர் சோனோகிராபர்; பெரும்பாலும் டாக்டர் அல்ல. எதையாவது சந்தேகப்பட்டால் இன்னொரு சோனோகிராபரை அழைத்துக் காட்டுவார், பிறகு கருவிலிருக்கும் குழந்தைகளைக் கவனிக்கும் ஃபீட்டல் மெடிசின் நிபுணரிடம் அனுப்புவார். அதே ஆஸ்பத்திரியில் நிபுணர் இருந்தால் 3 வேலை நாளுக்குள், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் 5 வேலை நாளுக்குள் பார்க்கவேண்டும் என்பது இங்குள்ள அளவுகோல். இந்தப் பரிந்துரையே ஒரு செகண்ட் ஒப்பீனியன்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்குள் தனியார் சென்டரில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து கிளம்புவதற்கு முன் கேட்கவேண்டியது: அடுத்து என்னைப் பார்க்கப்போவது யார், அவர் ஃபீட்டல் மெடிசின் கன்சல்டன்ட்தானா (மூத்த நிபுணர்தானா), எந்த நாளுக்குள் போன் வரும், வராவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது?

குழந்தை படுத்திருக்கும் விதத்தால் இதயமோ முகமோ சரியாகத் தெரியவில்லை என்றால் 23 வாரத்துக்குள் ஒருமுறை திரும்ப எடுப்பார்கள். அது சந்தேகத்தால் அல்ல, படம் கிடைக்காததால்.

இதயத்தில் குறை என்று சந்தேகித்தால் கருவின் இதயத்தைப் பார்க்கும் கார்டியாலஜிஸ்ட்டிடம் எக்கோ கேளுங்கள். சிறுநீரகம், குடல், முதுகுத்தண்டு, உதடு என்று எதுவானாலும், பிறந்த பிறகு அந்தக் குழந்தைக்கு வைத்தியம் செய்யப்போகும் குழந்தை நல நிபுணரையும் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். என் பார்வையில் பெற்றோர் அதிகம் கேட்கத் தவறும் செகண்ட் ஒப்பீனியன் இதுதான். வயிற்றுக்குள் என்ன தெரிகிறது என்று மகப்பேறு டாக்டர் சொல்வார். ஆபரேஷன் எப்போது, எத்தனை, பள்ளிக்கூடம் போகும் வயதில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதை, அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

ஊர் டாக்டரும் இங்குள்ளவரும் அதிகம் முரண்படுவது சாஃப்ட் மார்க்கர் என்று சொல்லப்படும் சின்னச் சின்ன அடையாளங்களில். இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளைக்குள் கோராய்டு பிளெக்சஸ் சிஸ்ட் என்ற சிறு நீர்க்கட்டி போன்றவை ஊர் ரிப்போர்ட்டில் தவறாமல் எழுதப்படும், கூடவே ஒரு பயமும் வரும். இங்கே 2009லிருந்து, மற்றெல்லாம் சரியாக இருக்கையில் இவை தனியாகத் தெரிந்தால் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கூட்டுவதாக எடுத்துக்கொள்வதில்லை. பல இடங்களில் எழுதுவதும் இல்லை. ஆகவே ஊரில் ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பியவர்கள், “அங்கே கண்டுபிடித்ததை இங்கே கவனிக்கவே இல்லை” என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்தின் பின்புறத் தோல் தடிப்பு 6 மில்லிமீட்டருக்கு மேல், மூளை நீர்ப்பை 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, குடல் எலும்பைப் போல வெளுத்துத் தெரிவது ஆகியவற்றை இங்கும் விடமாட்டார்கள்.

டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கு முதல் மூன்று மாதத்தில் செய்யும் ஸ்க்ரீனிங்கில் வரும் எண்ணையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 11 வாரம் 2 நாளிலிருந்து 14 வாரம் 1 நாள் வரைதான் அந்தச் சோதனை. வாய்ப்பு 150ல் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிக வாய்ப்பு என்று சொல்வார்கள். 90ல் 1 என்று வந்தால், அதே முடிவு வந்த 90 பேரில் 89 பேருக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று பொருள். இந்த இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுப்பதால் பெரிய பயன் இல்லை. அடுத்த சோதனைதான் பதில் தரும். இங்கிலாந்தில் 2021லிருந்து அதிக வாய்ப்புள்ளவர்களுக்கு என்ஐபிடி ரத்தப் பரிசோதனையை என்ஹெச்எஸ் இலவசமாகத் தருகிறது. அதுவும் ஸ்க்ரீனிங்தான். உறுதியாகத் தெரியவேண்டுமானால் நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கும் சிவிஎஸ் சோதனை, அது 11 முதல் 14 வாரத்துக்குள். இல்லையென்றால் பனிநீரிலிருந்து எடுக்கும் ஆம்னியோ, 15 வாரத்திலிருந்து. பழகிய கைகள் செய்யும்போது இதனால் கரு கலையும் வாய்ப்பு 200ல் ஒன்றுக்கும் குறைவு என்று இங்குள்ள மகப்பேறு டாக்டர்களின் ராயல் காலேஜ் சொல்கிறது. ஊரில் இன்னும் பழைய, பெரிய எண்கள் பேச்சில் இருக்கின்றன.

கெட்ட செய்தி வந்தால் அவசரம் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கும். 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே கருக்கலைப்புக்குப் பொது எல்லை 24 வாரம். குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கக் கணிசமான வாய்ப்பு உண்டென்று இரண்டு டாக்டர்கள் கருதினால் அந்த எல்லை பொருந்தாது. தொடர்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. இரண்டாவது நிபுணரைப் பார்க்க நேரமில்லை என்ற பயத்தில் மட்டும் அதை எடுக்க வேண்டாம். ஆன்ட்டிநேட்டல் ரிசல்ட்ஸ் அண்ட் சாய்சஸ் என்ற தொண்டு நிறுவனம், ஏஆர்சி என்பார்கள், இந்தக் கட்டத்தில் இருக்கும் பெற்றோருடன் எந்தப் பக்கமும் சாயாமல் பேசுகிறது.

தனியாரிடம் போவதானால் இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைத்தெருவில் 4டி படமும் பொம்மையும் தரும் ஸ்கேன் கடைகள் நோயைக் கண்டறிவதற்கானவை அல்ல. குறை தெரிந்தால் அவர்களும் உங்களை என்ஹெச்எஸ்ஸுக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். ஃபீட்டல் மெடிசின் கன்சல்டன்ட் தானே எடுக்கும் ஸ்கேன் வேறு. சில நூறு பவுண்டு ஆகும். டாக்டரின் பெயரை, டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சி அமைப்பின் இணையப் பதிவேட்டில் போட்டால் அவர் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் இருக்கிறாரா என்று இலவசமாகத் தெரிந்துவிடும். கம்பெனி தரும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் சாதாரணக் கர்ப்பச் செலவைச் சேர்ப்பதில்லை; பாலிசியைப் படித்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

ஒரே ரத்தம், இரண்டு பதில்

சர்க்கரை விஷயத்தில்தான் போன் வழி வைத்தியம் அதிகம் குழப்புகிறது. தெற்காசிய வம்சாவளி என்பதே இங்கே சோதனை செய்யப் போதுமான காரணம். 24லிருந்து 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இங்கே மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வரையறையில் வெறும் வயிற்றில் 5.6 அல்லது 2 மணி நேரத்தில் 7.8, இரண்டில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எண்கள் மில்லிமோல் அளவில். ஊர் அளவுக்கு மாற்ற 18ஆல் பெருக்குங்கள்.

ஒரு பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 5.8, 2 மணி நேரத்தில் 7.4 என்று வைத்துக்கொள்வோம். ஊர்க் கணக்கில் 104, 133. இந்தியாவில் பரவலாக இருக்கும் டிப்சி முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை பார்ப்பார்கள். 140க்குக் கீழே என்றால் இயல்பு. ஆகவே அந்த 133ஐ மட்டும் கேட்ட ஊர் டாக்டர் “சர்க்கரையே இல்லை, மாத்திரை எதற்கு?” என்பார். இங்குள்ளவர் வெறும் வயிற்று 5.8ஐப் பார்த்து சர்க்கரை என்பார். இருவரும் தத்தம் முறைப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 5.3, 7.5 என்று வந்தால் இங்கே இயல்பு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் வெறும் வயிற்றில் 5.1, அதாவது ஊர் அளவில் 92, தொட்டாலே சர்க்கரை. அதைப் பின்பற்றும் சென்னை டாக்டர் “இங்கிலாந்தில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்” என்று சொல்லக்கூடும்.

இப்படி மாட்டிக்கொண்டால் யார் சொல்வது சரி என்று விவாதித்துப் பயனில்லை. ஒரு வாரம் வீட்டில் விரல் குத்திப் பார்த்த எண்களை எடுத்துக்கொண்டு சர்க்கரையுள்ள கர்ப்பிணிகளைக் கவனிக்கும் டயபட்டீஸ் மிட்வைஃபிடம் (மகப்பேறு தாதியிடம்) போங்கள். வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குக் கீழே இருக்கவேண்டும். இட்லி மூன்று சாப்பிட்ட நாளில் என்ன, ஒரு இட்லியோடு முட்டை சாப்பிட்ட நாளில் என்ன என்று குறித்த தாள் எந்தக் கருத்தையும்விட உறுதியாகப் பேசும்.

ஹீமோகுளோபினிலும் இதே சிக்கல் வரும். இங்கே 108 என்று எழுதியிருப்பது ஊரில் 10.8. முதல் மூன்று மாதத்தில் 110க்குக் கீழே, அதன் பிறகு 105க்குக் கீழே போனால்தான் இங்கே ரத்தசோகை என்பார்கள். இருபத்தைந்தாவது வாரத்தில் 108 என்றால் இவர்கள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். கரு கலையாமல் இருக்கத் தரும் புரொஜெஸ்ட்ரோன் மாத்திரையும் அப்படியே. ஊரில் பலருக்கும் எழுதித் தருவார்கள். இங்கே, முன்பு கரு கலைந்திருந்து இப்போதும் ரத்தக்கசிவு இருந்தால், 400 மில்லிகிராம் தினம் இருமுறை பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளத் தருவார்கள், கருச்சிதைவைத் தடுக்க என்று மற்றவர்களுக்கு வழக்கமாகத் தருவதில்லை. கசிவும் முந்தைய கருச்சிதைவும் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடாமல் கேளுங்கள், அது உங்களுக்கு உரியது. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று 20ஆம் வாரத்தில் சொன்னால் 32ஆம் வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள், பெரும்பாலும் மேலே போயிருக்கும். அதற்காகப் படுக்கையிலேயே கிடக்கச் சொல்வது இங்கே வழக்கம் இல்லை.

குழந்தை சின்னதாக இருக்கிறது என்று சொல்லும்போது தேதியை முதலில் பாருங்கள். இங்கே பிரசவத் தேதியைக் கடைசி மாதவிலக்கை வைத்து அல்ல, முதல் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை வைத்துக் குறிப்பார்கள். ஊர் டாக்டர் மாதவிலக்குத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வாரம் வித்தியாசம் வரலாம். அதனாலேயே அதே குழந்தை ஓரிடத்தில் சின்னது, இன்னோரிடத்தில் சரியான அளவு. ஸ்கேனில் கணக்கிடும் எடை 10, 15 சதவீதம் கூடவோ குறையவோ போகும். ஆகவே இரண்டு வாரத்துக்குள் இன்னோரிடத்தில் எடுத்து ஒப்பிட்டால், தெரிவது குழந்தையின் வளர்ச்சி அல்ல, கருவியும் கையும் மாறிய வித்தியாசம்.

என்ன செய்யப்போகிறார்கள்

நடீன் மான்ட்கோமரி என்ற பெண் ஸ்காட்லாந்தில் 1999இல் பிரசவித்தார். சிறிய உடல்வாகு, சர்க்கரை வியாதி. சர்க்கரை உள்ள தாய்மாருக்குச் சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து 9, 10 சதவீதம். அதை அவரிடம் டாக்டர் சொல்லவில்லை. தோள் மாட்டியது, குழந்தைக்குப் பெரிய பாதிப்பு. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு முக்கியமாகத் தோன்றக்கூடிய ஆபத்துகளையும், மாற்று வழிகளையும் டாக்டர் சொல்லியாக வேண்டும். சர்க்கரையும் சிறு உடல்வாகும் நம் பெண்களிடம் சேர்ந்து வருவதுண்டு. “என் உயரத்துக்கும், என் சர்க்கரைக்கும், இந்தக் குழந்தையின் அளவுக்கும் ஆபத்து நூற்றில் எத்தனை?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அதற்குப் பதில் சொல்வது அவர்கள் கடமை.

சிசேரியன் வேண்டும் என்று நீங்கள் கேட்டு, பேசிய பிறகும் அந்த டாக்டருக்குச் சம்மதம் இல்லையென்றால், செய்ய ஒப்புக்கொள்ளும் இன்னொருவரிடம் அனுப்பவேண்டும் என்று நைஸ் வழிகாட்டி சொல்கிறது. முதல் பிரசவம் ஊரில் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம் ஆகுமா என்றால், இங்கே நான்கில் மூன்று பேருக்கு ஆகிறது. தழும்பு பிரியும் ஆபத்து 200ல் ஒன்று. ஆனால் ஊரில் எந்த வகை வெட்டு போட்டார்கள் என்று தெரியாவிட்டால் எந்தக் கன்சல்டன்டும் உறுதியாகச் சொல்லமாட்டார். தோலில் தெரியும் தழும்பை வைத்துச் சொல்ல முடியாது, கர்ப்பப்பையில் போட்ட வெட்டு வேறாக இருக்கலாம். அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, முடிந்தால் ஆபரேஷன் நோட்ஸ், இவற்றை அப்பாவையோ தம்பியையோ அனுப்பி இப்போதே வாங்கச் சொல்லுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி அரிப்பு வந்தால் சூடு என்று விடவேண்டாம். கர்ப்பகால பித்தத் தேக்கம் தெற்காசியப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. ரத்தத்தில் பைல் ஆசிட் பார்ப்பார்கள்: 19 முதல் 39 லேசு, 40 முதல் 99 நடுத்தரம், 100 அல்லது அதற்கு மேல் கடுமை. கடுமையானால் 35, 36 வாரத்திலேயே பிரசவம் பார்க்கச் சொல்வார்கள். நடுத்தரத்துக்கு 38, 39. லேசுக்கு 40 வரை பொறுக்கலாம். வெறுமனே “பித்தம் இருக்கிறது, முன்னாடியே எடுத்துவிடலாம்” என்றால் எண் என்ன என்று கேளுங்கள். 25 என்ற எண்ணுக்கு 36 வாரத்தில் வலி வரவைக்கலாம் என்று யாராவது சொன்னால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில், அங்கே இன்னொரு கருத்து கேட்பது முழுக்க நியாயம்.

கேட்கும் வழி

செகண்ட் ஒப்பீனியன் என்ஹெச்எஸ்ஸில் சட்டப்படியான உரிமை அல்ல, ஆனால் கேட்டால் மறுப்பது அரிது. முதலில் உங்கள் மிட்வைஃப் அல்லது கன்சல்டன்டின் செக்ரட்டரிக்கு நான்கு வரியில் மின்னஞ்சல்: பெயர், என்ஹெச்எஸ் எண், எத்தனை வாரம் எத்தனை நாள், எந்த முடிவைப் பற்றி, அதில் எது புரியவில்லை அல்லது ஒப்பவில்லை, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், ஏன். “ஏழாவது மாசம்” என்று எழுதினால் அவசரம் புரியாது. 29 வாரம் 3 நாள் என்று எழுதுங்கள். இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் நோயாளிகளின் குறைகளைக் கேட்டு உதவும், ஆஸ்பத்திரியின் பால்ஸ் அலுவலகத்துக்கு அதையே அனுப்புங்கள். கன்சல்டன்ட் மிட்வைஃப் என்று ஒருவர் இருப்பார். பிரசவத் திட்டம் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்கு அவர்தான் பல நேரம் நல்ல வழி. இன்னொரு ஆஸ்பத்திரிக்கே மாறிக்கொள்ளவும் முடியும், ஆனால் 36 வாரத்துக்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் கர்ப்பக் குறிப்புகளைக் காட்டும் பேட்ஜர்நெட் ஆப்பில் தெரிவது சுருக்கம்தான். அளவுகளோடு கூடிய ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த முடிவுகள், கன்சல்டன்ட் எழுதிய கடிதம் மூன்றையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். முறைப்படி விண்ணப்பித்தால் இலவசம், ஆனால் ஒரு மாதம்வரை எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் ஒரு மாதம் பெரிய காலம். ஆன்ட்டிநேட்டல் கிளினிக் மேசையில் நேரில் கேட்டால் பல இடங்களில் அன்றே அச்செடுத்துத் தருவார்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், காசு இல்லை. கணவர் நன்றாகவே ஆங்கிலம் பேசினாலும் கேளுங்கள். மனைவி பயந்துவிடக்கூடாதே என்று அவர் பாதியைச் சொல்லாமல் விடுவது மிகச் சாதாரணம், அவர் பங்குக்கு அது அன்புதான், ஆனால் முடிவெடுக்க வேண்டியவள் அவள்.

ஊர் டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை, முறையாகக் கேட்டால். முழு ரிப்போர்ட், இங்கே குறித்த பிரசவத் தேதி, சோதனையின் அளவு அலகு, கேள்வி ஒன்றோ இரண்டோ, இவ்வளவும் அனுப்புங்கள். இந்தியாவின் 2020 டெலிமெடிசின் விதிகள் வெளிநாட்டில் இருப்பவரைப் பார்ப்பதற்குப் பொருந்தாது. அவர் எழுதும் மருந்துச்சீட்டை இங்கே மருந்துக்கடையிலும் ஏற்கமாட்டார்கள். ஆகவே அவரிடம் மருந்து கேட்காமல், “இங்குள்ளவரிடம் நான் என்ன கேட்கவேண்டும்?” என்று கேட்பதே பயன். இங்கே சில ரிப்போர்ட்டுகளில் குழந்தையின் பாலினம் எழுதியிருக்கும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். அந்த வரியை மறைத்துவிட்டு அனுப்புங்கள், டாக்டரைச் சங்கடத்தில் தள்ள வேண்டாம். நேரில் போய்க் காட்டலாம் என்றால், 28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள், இரட்டையென்றால் 32.

இரண்டு டாக்டர்களும் வேறு வேறு சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடி ஓடாதீர்கள். இரண்டாமவரின் கடிதத்தை முதலாமவரிடம் கொடுத்து, “எந்த இடத்தில் மாறுபடுகிறீர்கள், பார்த்ததிலா, எண்ணிலா, செய்வதிலா?” என்று கேளுங்கள். காத்திருந்தால் என்ன ஆகும், எத்தனை நாள் காத்திருக்கலாம், அதுவரை எதைக் கண்காணிப்பது என்பதையும் கேளுங்கள். முடிவானதை உங்கள் மெட்டர்னிட்டி நோட்ஸில் கன்சல்டன்டே பதியவேண்டும். பிரசவ அறையில் ராத்திரி இருக்கப்போவது உங்களை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர். அவருக்குத் தெரிவது நோட்ஸில் இருப்பது மட்டும்தான். முடிவு, காரணம், தேதி, கன்சல்டன்டின் பெயர் நான்கும் ஏறியிருக்கிறதா என்று அன்று சாயங்காலமே ஆப்பைத் திறந்து பாருங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை செக்ரட்டரிக்கு போன் செய்யுங்கள்.